482 எங்கே போனது?

2024 ஜூன் 30 வரை, இந்தியாவில் குற்றவியல் சட்டம் படித்த யாரிடமும் 482 என்று சொன்னால் போதும். உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் என்று யோசிக்காமல் பதில் வரும். முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் குவிந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவில்தான். மறுநாள் அதற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதிலும் 482 இருக்கிறது. ஆனால் அது முன்ஜாமீன். முன்ஜாமீனுக்குப் பழைய எண் 438. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குக் குடிபோய்விட்டது.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-இன் கதையும் இதேதான். சினிமா வசனம் வரைக்கும் புகுந்த அந்தக் கொலைப் பிரிவு, அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. புதிய சட்டத்தின் 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிப்போன 420-க்கு இப்போது இடமே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கியதில், மோசடி 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குள் போய்ச் சேர்ந்தது.

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் இதையெல்லாம் ஸ்டடி லீவில் திரும்பத் திரும்பப் படிக்கிறார். சட்ட வாசகம் மட்டும் அச்சிட்ட பேர் ஆக்டில் மஞ்சள் கோடு, பச்சைக் கோடு, ஓரத்தில் பென்சில் குறிப்பு. தேர்வறையில் கேள்வித்தாளைப் பிரிக்கிறார். 482 என்று தெரிகிறது. எந்த 482? கை வியர்க்கிறது. வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது விடை வரிவரியாக ஞாபகத்துக்கு வருகிறது. “படிச்சதுதான்டா, உள்ளே போனதும் ப்ளாங்க் ஆயிடுச்சு.”

இதை நண்பர்கள் ஆறுதலுக்காக நம்புவார்கள். அப்பா நம்ப மாட்டார். அறிவியல் அந்த மாணவரின் பக்கம்தான் நிற்கிறது. படித்தது அழியவில்லை, எடுக்க முடியாமல் போனது. சேமிப்பதும் எடுப்பதும் மூளைக்கு இரண்டு தனித்தனி வேலைகள். பதற்றம் முதலில் கைவைப்பது இரண்டாவதில்.

இதை எலிகளிடம் காட்டியவர் டொமினிக் டி கெர்வான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பென்னோ ரோசென்டால், ஜேம்ஸ் மெக்கா ஆகியோருடன் அவர் செய்த சோதனை 1998-இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. நீர்த் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மேடை மூழ்கியிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று எலிகள் நீந்தி நீந்திக் கற்றுக்கொண்டன. மறுநாள் சோதனைக்கு முன்பு அவற்றின் காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சில எலிகளுக்குச் சோதனைக்கு 2 நிமிடம் முன்பு, சிலவற்றுக்கு 30 நிமிடம் முன்பு, சிலவற்றுக்கு 4 மணி நேரம் முன்பு. இரண்டு நிமிடக் கூட்டம் மேடையைச் சரியாகத் தேடிப் போனது. நான்கு மணி நேரக் கூட்டமும் அப்படியே. நடுவில் இருந்த 30 நிமிடக் கூட்டம்தான் நேற்றுத் தெரிந்த இடத்தை மறந்ததுபோல் சுற்றி வந்தது.

வலியும் பயமும் காரணமாக இருந்தால் இரண்டு நிமிடக் கூட்டம்தானே அதிகம் தடுமாறியிருக்க வேண்டும்? காரணம் ரத்தத்தில் இருந்தது. அபாயம் தெரிந்த சில விநாடிகளில் அட்ரினலின் பாய்ந்துவிடும். அதற்குப் பின்னால் மெதுவாக இன்னொரு செய்தி கிளம்புகிறது: மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, கார்டிசால் சுரக்கிறது. எலிகளுக்கு இதன் உறவான கார்ட்டிகோஸ்டிரோன். இது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். அந்த ஹார்மோன் சுரப்பதை மருந்தால் தடுத்தபோது, 30 நிமிடக் கூட்டமும் மேடையைக் கண்டுபிடித்தது. இரண்டே ஆண்டில் டி கெர்வான் மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்: முந்தின நாள் வார்த்தைப் பட்டியலைப் படித்தவர்களுக்குச் சோதனைக்கு முன் கார்டிசோன் மாத்திரை கொடுத்தால், ஞாபகப்படுத்திச் சொல்லும் சொற்கள் குறைந்தன.

நினைவின் தலைவாசலான ஹிப்போகேம்பஸ், இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைந்த இடம். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யுவன் 1968-இலேயே எலி மூளையில் இதைக் கண்டு சொன்னார். மன அழுத்தம் மனத்தோடு நிற்கும் சமாச்சாரம் அல்ல என்பதற்கு அன்றே கிடைத்த ஆதாரம் அது.

இதில் ஒரு குரூரமான வேடிக்கையும் உண்டு. மெக்கா தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது இதன் மறுபக்கத்தில்: பதற்றத்தில் சுரக்கும் அதே ஹார்மோன்கள், அந்த நேரத்தில் நடப்பதை ஆழமாகப் பதியவைக்கும். மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் தடுமாறி நின்ற ஐந்து நிமிடம் பத்து வருடம் கழித்தும் வரிசைப்படி ஞாபகம் இருப்பது அதனால்தான். அன்று அந்த நிமிடத்தில் தீர்ப்பின் பெயர் மட்டும் வர மறுத்திருக்கும்.

30 நிமிடம் என்ற அந்த எண்ணை நம் தேர்வு நாளோடு பொருத்திப் பார்க்கலாம். இது என் ஊகம்தான், யாரும் சோதித்ததாகச் சொல்லவில்லை. தேர்வறை வாசலில் ஹால் டிக்கெட்டோடு நிற்கும் அரை மணி நேரத்தில் நடப்பது என்ன? “அந்த கேஸ் லா பாத்தியா? சீனியர் சொன்னாரு, கண்டிப்பா வருமாம்.” பார்த்திருக்க மாட்டோம். வயிற்றில் ஒரு பிசைவு. அந்தப் பிசைவில் கிளம்பிய கார்டிசால் உச்சத்தைத் தொடும்போது கேள்வித்தாள் கையில் இருக்கும். வாசல் கூட்டத்திலிருந்து தள்ளி நிற்பவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைக்க வேண்டியதில்லை.

தள்ளி நிற்பதால் மட்டும் பதற்றம் தீர்ந்துவிடாது. தேர்வு என்றால் கார்டிசால் ஏறத்தான் ஏறும். அப்படியென்றால் கேள்வியை வேறு மாதிரிக் கேட்க வேண்டும்: கார்டிசால் ஏறினாலும் எடுக்க வருகிற மாதிரி ஒன்றைப் படித்துவைக்க முடியுமா?

முடியும் என்று 2016-இல் சயன்ஸ் இதழில் ஒரு பதில் வந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்மித், விக்டோரியா ஃப்ளோர்க், அயானா தாமஸ் மூவரும் 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் 30 சொற்கள், 30 படங்கள். பாதிப் பேர் நாமெல்லாம் படிக்கிற மாதிரியே மறுபடி மறுபடி பார்த்துப் படித்தார்கள். மீதிப் பேர் ஒருமுறை பார்த்தபின் மூடிவைத்துவிட்டு, ஞாபகம் வந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். மறுநாள், இரு கூட்டத்திலும் பாதிப் பேரை மட்டும் பதற வைத்தார்கள்.

பதற வைப்பதற்கென்றே உளவியலில் ஒரு முறை இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவானது. முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன்னால், தயாராகச் சில நிமிடம் மட்டும் எடுத்துக்கொண்டு பேச வேண்டும், பிறகு ஒரு பெரிய எண்ணிலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. வாய்மொழித் தேர்வுக்குப் போன எந்தச் சட்ட மாணவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பார்த்துப் பார்த்துப் படித்தவர்களில், பதற்றமில்லாதவர்கள் 30-க்குச் சராசரியாக ஒன்பதை ஒட்டிச் சொன்னார்கள், பதறியவர்கள் ஏழு. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களில் பதற்றமில்லாதவர்கள் சுமார் பத்து. பதறியவர்கள் சுமார் பதினொன்று. பதற்றம் அவர்களை ஒன்றுமே செய்யவில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கடுமையாகப் பதறிய இந்தக் கூட்டம், பார்த்துப் பார்த்துப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்த கூட்டத்தைவிட நன்றாகச் செய்தது என்பது.

சொற்பட்டியல் வேறு, பத்து மதிப்பெண் பதில் வேறு என்பது தெரிந்ததுதான். ஒரு சோதனையை வைத்துக்கொண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டாம். ஆனால் மூடிவைத்து நினைவுகூர்வது நல்ல பலன் தரும் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஆதாரங்கள் இருக்கின்றன. பதற்றத்திலும் அது தாங்கும் என்பதுதான் இவர்கள் புதிதாகச் சொன்னது. எடுக்கும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் அது அடைபட்டதும் ஆள் நின்றுபோவார். பலமுறை எடுத்துப் பழகிய விஷயத்துக்குப் பல வழிகள் உண்டாகியிருக்கும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இப்படிப் படிப்பதில்லை? சங்கடமாக இருக்கும் என்பதால்தான். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய் பற்றியும் சிறு பத்திகளைப் படித்தார்கள். ஒரு கூட்டம் நான்கு தடவையும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் முதல் கூட்டம் 83 சதவீதம் சொன்னது, இரண்டாவது 71. ஒரு வாரம் கழித்து? முதல் கூட்டம் 40-க்கு விழுந்தது. இரண்டாவது 61-இல் நின்றது. இவ்வளவுக்கும், எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

மஞ்சள் கோடு போட்ட பக்கம் மூன்றாவது தடவை கண்ணில் பட்டதும் “இது தெரியும்” என்று மனம் சொல்கிறது. அடையாளம் தெரிவதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. தேர்வறை அந்தப் பக்கத்தைக் காட்டாது, வெள்ளைத்தாளைத்தான் காட்டும். மூடிவைத்து எழுதிப் பார்க்கும்போது தெரியாதது முகத்தில் அறையும், பயம் கூடும். ஆகவே பயந்தவர் மறுபடி புத்தகத்தைத் திறக்கிறார், உடனே பயம் குறைகிறது. தேர்வுக்கால மன அழுத்தத்தின் மிக மோசமான கண்ணி இதுதான் என்று நினைக்கிறேன்: அந்த நேரத்துக்கு அமைதி தரும் படிப்பு முறை, தேர்வறையில் முதலில் கைவிடும் முறையாக இருக்கிறது. மூச்சுப் பயிற்சி, இசை, நடை எல்லாவற்றையும் பற்றிப் பிறகு பேசலாம். அழுத்தத்தைச் சமாளிக்கும் முதல் வேலை புத்தகத்தை மூடுவதில் தொடங்குகிறது.

இப்போது 482-க்குத் திரும்பலாம். அங்கே பதற்றத்தோடு இன்னொரு எதிரியும் சேர்ந்துகொண்டது. பெண்டன் அண்டர்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல், வெவ்வேறு ஆய்வகங்களின் மறதி அளவுகள் ஏன் இவ்வளவு முரண்படுகின்றன என்று தோண்டினார். ஒரே ஒரு பட்டியலை மட்டும் படித்தவர்கள் ஒரு நாளில் கால்வாசிதான் மறந்தார்கள். அதற்கு முன் பல பட்டியல்களைப் படித்திருந்தவர்கள் முக்கால்வாசி மறந்தார்கள். முன்பு படித்தது, பின்பு படித்ததின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வரைந்த புகழ்பெற்ற மறதிக் கோடு அவ்வளவு செங்குத்தாக விழுந்ததற்கு ஒரு காரணம், அவர் தன்னையே சோதனைப் பொருளாக்கி ஆயிரக்கணக்கான அர்த்தமற்ற அசைகளைத் தலைக்குள் திணித்திருந்ததுதான்.

438, 482, 302 எல்லாம் இந்தக் குறுக்கீட்டின் பாடப்புத்தக உதாரணங்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள், ஒரே பொருளுக்கு இரண்டு எண். பழையதை மறந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். மேற்கோள் காட்ட வேண்டிய தீர்ப்புகளிலெல்லாம் பழைய எண்களே இருக்கின்றன. இரண்டும் தலைக்குள் இருந்தாக வேண்டும், ஒன்றையொன்று மிதிக்காமல்.

இதற்கும் மூடிவைத்து எழுதுவதே உதவுகிறது. கார்ல் ஸ்புனர், கேத்லீன் மெக்டெர்மாட், ரோடிகர் மூவரும் 2008-இல் ஐந்து பட்டியல்களை அடுத்தடுத்துப் படிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டியலுக்குப் பின்னும் சோதிக்கப்பட்டவர்கள் ஐந்தாவது பட்டியலைத் தெளிவாகச் சொன்னார்கள். சோதிக்கப்படாதவர்கள் முந்தைய பட்டியல்களின் சொற்களை அதற்குள் கலந்தார்கள். ஆக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இரண்டு பத்தியாக அச்சிட்ட ஒப்பீட்டு அட்டவணையை நூறு தடவை பார்ப்பதைவிட, ஒரு பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபத்தியை எழுதிப் பார்ப்பது உருப்படியான வேலை. இன்று பழையதிலிருந்து புதியதற்கு, இரண்டு நாள் கழித்துப் புதியதிலிருந்து பழையதற்கு.

ஆனால் எண்களில் நான் அதிகம் தங்கியிருக்க விரும்பவில்லை. சட்டம் எபிங்ஹவுஸின் அசைப் பட்டியல் அல்ல. அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் குறிப்பெழுதாத பேர் ஆக்டை உள்ளே கொண்டுபோகவே விடுகிறார்கள். நீதிமன்றத்தில் நீதிபதியின் மேசையிலும் புத்தகம் இருக்கும். ஒரு சட்ட மாணவரின் உண்மையான வேலை பகுத்துக் காண்பது. கல்பபிள் ஹோமிசைடு, அதாவது தண்டனைக்குரிய மரணம் விளைவித்தல், எப்போது கொலையாகிறது? எந்த விதிவிலக்கில் மறுபடி கொலையல்லாமல் ஆகிறது? மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல், திடீர் ஆத்திரம் என்ற விதிவிலக்கை ஏற்கவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடியிருந்தது; அதற்குள் அவர் குடும்பத்தைத் திரையரங்கில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியும் வாங்கியிருந்தார். இந்தக் கதை தெரிந்தவருக்கு விதிவிலக்கின் உட்கூறுகள் தானாக வரும்: தூண்டுதல் கடுமையானதா, திடீரென்று வந்ததா, ஆத்திரம் ஆறுவதற்கு நேரம் இருந்ததா. ஒரு தீர்ப்பைப் படித்ததும் மூடிவைத்துவிட்டு, உண்மைகளில் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். அந்த மூன்று மணி நேரம் மூன்று நிமிடமாக இருந்தால்? துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தால்? ப்ராப்ளம் கேள்வி கேட்பது இதைத்தான்.

பழைய கேள்வித்தாள்களைச் சட்ட மாணவர்கள் சேர்ப்பார்கள், ஜெராக்ஸ் எடுப்பார்கள், எது திரும்ப வரும் என்று கணக்குப் போடுவார்கள். கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுபவர்கள் குறைவு. எழுதினால் விரல் வலிக்கும், விடை அசிங்கமாக வரும். பரவாயில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது ஏற்கெனவே சிலமுறை நடந்த காரியமாகிவிட்டால், உடம்பு அதை அபாயமாக எடுத்துக்கொள்வது குறையும்.

ஒன்றைத் திரும்பப் படிப்பதற்கு முன் விடும் இடைவெளி பற்றி ஒரு எண்ணை மட்டும் சொல்கிறேன். நிக்கோலஸ் செபெடாவும் குழுவினரும் 1,350-க்கு மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறுபடிப்பு முடிந்து 35 நாள் கழித்துத் தேர்வு என்றால், முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே சுமார் 11 நாள் விடுவது மிகுந்த பலன் தந்தது. ஸ்டடி லீவ் முழுவதையும் ஒரு பேப்பருக்கு மூன்று நாள் என்று அடுக்கி, முடித்ததைத் திரும்பியே பார்க்காத அட்டவணையை இது கவிழ்த்துவிடுகிறது.

அழுத்தம் கொஞ்சம் இருந்தால் நல்லது, அதிகமானால் கெடுதல் என்று சொல்லி ஒரு கவிழ்ந்த கிண்ணம் போன்ற வரைபடத்தை வகுப்பில் காட்டுவார்கள். யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவரின் 1908 சோதனை அதன் மூலம். சோதிக்கப்பட்டவை சுண்டெலிகள், கொடுக்கப்பட்டது மின்னதிர்ச்சி, வேலை, கறுப்புப் பெட்டியையும் வெள்ளைப் பெட்டியையும் பிரித்தறிவது. எளிதான வேலையில் அதிர்ச்சி கூடக்கூடச் சுண்டெலிகள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. வேறுபாடு மங்கலாகி, பிரித்தறிவது கடினமானபோதுதான் கடும் அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள் விட்டுவிடும் செய்தி இது. சட்டத் தேர்வு மங்கலான வேறுபாடுகளின் தேர்வு. “பயம் இருந்தால்தான் படிப்பான்” என்ற வீட்டு அறிவுரை பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பொருந்தலாம். ஹோமிசைடுக்கும் கொலைக்கும் உள்ள நூலிழைக்குப் பொருந்தாது.

அழுத்தம் வாரக்கணக்கில் நீண்டால் உடம்பே கணக்குக் காட்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் பங்கேற்ற 1998 ஆய்வு ஒன்றை மறக்கவே முடியாது. பதினொரு பல் மருத்துவ மாணவர்கள் தங்கள் மேலண்ணத்தில் மூன்றரை மில்லிமீட்டர் காயம் செய்துகொள்ள இரண்டு தடவை சம்மதித்தார்கள். ஒன்று கோடை விடுமுறையில், மற்றொன்று தேர்வுக்கு முன்பு. தேர்வு நேரத்துக் காயம் ஆற சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது, 40 சதவீதம் தாமதம். ஒருவருக்குக்கூட விதிவிலக்கில்லை. தேர்வு வாரத்தில் வாய்ப்புண்ணும் சளியும் வருவதாகப் புலம்பும் மாணவர்கள் கற்பனை செய்யவில்லை.

கவனமும் தேய்கிறது. கானர் லிஸ்டன், மெக்யுவன், பி. ஜே. கேசி மூவரும் ஒரு பெரிய தேர்வுக்குத் தயாராகும் மருத்துவ மாணவர்கள் இருபது பேரின் மூளையைப் படம் பிடித்து 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் திறன் மங்கியிருந்தது; நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியின் இணைப்புகளும் தளர்ந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்தபின் மறுபடி பார்த்தார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்திருந்தது. “என் மூளை மழுங்கிப் போச்சு” என்று நாலாவது செமஸ்டரில் அழுபவருக்கு இந்த ஒரு மாதக் கணக்கைச் சொல்லலாம்.

தூங்காமல் விடிய விடியப் படிக்கும் நைட் அவுட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டேலன்பாக்கும் இரண்டே இரண்டு மாணவர்களை ஆய்வகத்திலேயே படுக்கவைத்துச் சோதித்தார்கள். படித்ததும் தூங்கியபின் கேட்டபோது சொன்னதைவிட, அதே நேரம் விழித்திருந்தபின் கேட்டபோது சொன்னது மிகக் குறைவு. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இதை வலுப்படுத்தவே செய்தன. இரவு பத்து மணிக்குக் குடிக்கும் காப்பியின் காஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படபடப்பை என்ன செய்வது? அதை அடக்கப் பார்ப்பதுதான் நம் முதல் எண்ணம். ஜெரமி ஜேமிசன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு பக்கம் போகிறது. மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் பாதிப் பேரிடம், இதயம் படபடப்பது தேர்வைக் கெடுக்காது, உதவவும் செய்யலாம் என்று மட்டும் சொன்னார்கள். அவர்களின் உடல் கிளர்ச்சி குறையவில்லை, எச்சில் பரிசோதனையில் கூடியிருந்தது. ஆனால் கணிதப் பகுதியில் மதிப்பெண் மற்றவர்களைவிட உயர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2018 ஜூலையில் வழக்கறிஞர் தேர்வு எழுதியவர்களுக்கு இதே அடிப்படையில் ஒரு சிறிய இணையப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டவர்கள் தேறும் வாய்ப்பு கூடியிருந்தது. விரும்பி வந்தவர்களை வைத்துச் செய்தது என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றே மெச்சுகிறேன். செலவில்லாத காரியம், முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. கேள்வித்தாளைப் பிரிக்கும்முன் மூச்சை நீளமாக வெளியே விடுவதும் அப்படித்தான்.

இந்தப் பாரத்தையெல்லாம் மாணவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை. அரிஸோனா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பெஞ்சமினும் சக ஆய்வாளர்களும் 1986-இல் எழுதியதை இன்றும் சட்டக் கல்வியாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். சட்டக் கல்லூரிக்குள் நுழையும்முன் அந்த மாணவர்கள் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். படிக்கும்போதும் படித்து முடித்தபின்னும் அவர்களில் 17 முதல் 40 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. பலவீனமானவர்கள் சட்டம் படிக்க வருகிறார்கள் என்ற வாதம் அத்தோடு விழுந்தது. ஆண்டு முழுக்க ஒரு விடையைக்கூடத் திருத்திக் கொடுக்காமல், கடைசியில் ஒரே தேர்வில் எல்லாவற்றையும் அளக்கும் கல்லூரிகள், மூடிவைத்து எழுதும் பழக்கத்தை மாணவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகின்றன. மாதம் ஒருமுறை பத்து மதிப்பெண்ணுக்கு வகுப்பிலேயே எழுதவைத்தால் பாதி வேலை முடிந்தது.

தூக்கமே வராமல் வாரக்கணக்கில் போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தாலோ, படிப்பு முறையை மாற்றிச் சரிசெய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். அரியர் பேப்பரை அடுத்த செமஸ்டரில் எழுதலாம்.

தேர்வு முடிந்தபின் வரும் காத்திருப்பு தனி நோய். அதை ஆராய்ந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த கேட் ஸ்வீனி. அந்த மாநிலத்தின் வழக்கறிஞர் தேர்வு எழுதி, முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த 230 பேரை அவர் தொடர்ந்து கேட்டுவந்தார். 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில், நல்லதையே நினைப்பது, உணர்ச்சியை அமுக்குவது, கவனத்தைத் திருப்புவது என்று அவர்கள் கையாண்ட உத்திகள் கவலையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நான்கு மாதமும் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவர்கள், தோல்வி என்று தெரிந்தபோது மற்றவர்களைவிட ஆக்கபூர்வமாக அதை எதிர்கொண்டார்கள். அவர்களில் தேறியவர்களோ மற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். நிம்மதியாகக் காத்திருந்தவர்களைத் தோல்வி பலமாகத் தாக்கியது.

அவருடைய குழு 2019-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, காத்திருப்பை ஓரளவு எளிதாக்கிய ஒன்றைக் கண்டது: நேரம் போவது தெரியாமல் மூழ்கிப்போகும் வேலை. தொலைக்காட்சி முன்னால் கிடப்பது அந்த வகையில் சேராது. கொஞ்சம் கடினமாகவும், செய்ததும் பலன் உடனே தெரிவதாகவும் இருக்க வேண்டும். நம் சட்ட மாணவருக்கு அது சீனியர் அலுவலகத்தில் ஒரு முன்ஜாமீன் மனுவை வரைவதாக இருக்கலாம். தலைப்பில் 482 என்று போட வேண்டும்; சீனியர் பழக்க தோஷத்தில் 438 என்று அடித்தால் திருத்தவும் வேண்டும்.